மாம்பழம் நுழையாத வீடு

“கதவத் தெறங்கக்கா! காலங்காத்தால தாப்பா போட்டுக்கினு உள்ள இன்னாதான் பண்றீங்க ரெண்டு பேரும்?”

சாந்தம்மாவின் குரல் கேட்டதும் வெள்ளையம்மாவின் கை அப்படியே நின்றது. கையில் கண்ணாடி ஊசி. எதிரே, சாமான் அறையின் அரிசி மூட்டை மேல், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தொடையைக் காட்டியபடி அவள் கொழுந்தன் சின்னராஜ்.

“இதோ வந்துட்டேன் சாந்தா... தம்பியோட டிபன் பாக்ஸ் மூடி கெடைக்கல... அதான் தேடறோம்!”

ஏழு வருஷமாகியும் வெள்ளையம்மாவுக்கு ஒழுங்காக ஒரு பொய் சொல்ல வரவில்லை. டிபன் பாக்ஸ் மூடியோடு சேர்ந்து சமையல் மேடையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. சாந்தம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள்.

ஊசியைப் போட்டு, பஞ்சை வைத்து அழுத்தி, மருந்துக் குப்பியை மூலையில் இருந்த மண் கலயத்துக்குள் இறக்கி, ஈரத்துணியால் வாயைக் கட்டிவிட்டுத்தான் அவள் கதவைத் திறந்தாள். சின்னராஜ் யார் முகத்தையும் பார்க்காமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடினான். ஏ ஷிஃப்ட். ஐந்தேகாலுக்கு வரும் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்காது, நின்ற மாதிரி நடிக்கும்.

சாந்தம்மா வாசலை விட்டு நகரவில்லை. கல்யாணமாகி மூன்று மாதம். அவள் பார்வை வெள்ளையம்மாவின் தோளைத் தாண்டி அந்தக் கலயத்தின் மேல் போய் நின்றது. அதைத் தொடக்கூடாது என்பது அவள் இந்த வீட்டுக்கு வந்த அன்றே சொல்லப்பட்ட சட்டம். ஏன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

“அதுல இன்னாக்கா இருக்குது?”

“அது... சாமி விசயம் சாந்தா. தொடாத.”

“சாமி விசயம்னா சாமி படத்தாண்ட இல்ல இருக்கணும்? மொளகா மூட்டை பின்னால எதுக்கு? போன வாரம் கண்ணாடிக் கொழாயில நீலத் தண்ணி ஊத்தி வெளக்குல காய்ச்சினீங்களே... நான் ஜன்னல் வழியா பாத்தேன். நீலம் செவப்பா மாறிச்சே... அதுவும் சாமியா?”

வெள்ளையம்மா மிளகாய் மூட்டையைக் கலயத்தின் முன்னால் நகர்த்தினாள். சொல்ல முடியாது. சத்தியம் பண்ணியிருந்தாள்.

பதினேழு வயதில் ராஜப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் ஓசூர் வந்தபோது சின்னராஜுக்கு எட்டு வயது. தாய் இல்லாத பையன். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை; அதற்காக ஊரைக் கூட்டி அழவும் இல்லை. அவள் ‘ராசு’ என்று கூப்பிடும் சின்னராஜ் இருந்தான், போதும். பத்தொன்பது வயதில் அந்த ராசு குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, துடைப்பக்குச்சியாக இளைத்து, ஒருநாள் மயங்கி விழுந்தான். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். சர்க்கரை. உயிருள்ள வரைக்கும் தினம் காலையில் ஊசி.

அங்கே ஒரு நர்ஸ் அவள் கையில் ஒரு மாங்காயைக் கொடுத்து, அதில் குத்திக் குத்திப் பழகச் சொன்னாள். மூன்றாம் நாள் வெள்ளையம்மா மாங்காயை விட்டுவிட்டு ராசுவின் தொடைக்கு வந்தாள். அன்றோடு அந்த வீட்டில் மாம்பழம் நுழையவில்லை. அவன் தின்னக்கூடாததை அவள் எப்படித் தின்பாள்? கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி, மே மாதம் முழுக்க மாம்பழ வாசனையில் வளர்ந்தவள். ஏழு வருஷம் நாக்கில் வைக்கவில்லை.

நாக்கைக் கட்டியது ஒன்றும் பெரிதல்ல. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அவள் தூக்கமும் மாறியது. ஊசி, அரை மணி கழித்துச் சோறு, சிறுநீரைச் சோதிக்கும் அந்த நீல மருந்து. நீலமாகவே நின்றால் நல்லது, பச்சை பரவாயில்லை, செங்கல் நிறத்துக்குப் போனால் நெஞ்சு பதறும். ஏழு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட அவள் வேறு வீட்டில் தங்கியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் காவேரிப்பட்டணத்தில் அவளைப் பெற்றவள் செத்தபோது, பிணத்தை எடுத்த கையோடு சாயங்கால பஸ் பிடித்தாள். அவள் அண்ணன் பொன்னுசாமி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்து கத்தினான். “பெத்தவ சாம்பல் ஆறல... உனக்குக் கொழுந்தன் பெருசா போயிட்டானா? இனிமே இந்த வாசப்படி ஏறாத!” அவளும் ஏறவில்லை. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது ராசு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். நோய் வெளியே தெரிந்தால் எந்தக் கம்பெனி எடுக்கும்? கம்பெனி மெடிக்கல் சோதனையில் தம்பியின் சிறுநீர் பாட்டிலுக்குப் பதில் தன் பாட்டிலை நீட்டியவன் ராஜப்பன்தான். அவன் வேறொரு கம்பெனியில் வாட்ச்மேன், அதிகம் பேசாதவன், அந்த ஒரு திருட்டுத்தனத்துக்கே ஒரு மாதம் ஜுரத்தில் கிடந்தான்.

பேரிகையில் சாந்தம்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, “அவங்க வீட்ல சொல்லிடலாம் ராசு” என்றுதான் வெள்ளையம்மா சொன்னாள்.

“சொன்னா எவன் அண்ணி பொண்ணு குடுப்பான்? எந்தலை மேல அடிச்சி சத்தியம் பண்ணுங்க. என் வாயால நானா சொல்ற வரைக்கும் நீங்க மூச்சு உடக்கூடாது!”

அவள் அடித்துச் சத்தியம் பண்ணினாள். வெள்ளையம்மா நல்லவள்தான், ஆனால் இந்தத் தப்பை நான் மூடி மறைக்கமாட்டேன். ஒரு பெண்ணை ஏமாற்றி வீட்டுக்குள் கூட்டி வந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. அதற்கான கூலியைத்தான் இப்போது தினமும் காலையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

சாந்தம்மா கலயத்தைப் பற்றிக் கேட்ட அன்று சாயங்காலம் சின்னராஜ் குதித்துக்கொண்டு வந்தான்.

“சாந்தா! ஏற்காடு! கம்பெனி பங்களா நமக்கு விழுந்துடுச்சி!”

வருஷா வருஷம் மே மாதம் கேன்டீன் சாம்பார் அண்டாவில் பெயர்ச்சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். பெயர் வந்தவர்களுக்கு ஏற்காட்டில் கம்பெனியின் ஓய்வு பங்களா, மூன்று நாள். வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை காலி செய்ய வேண்டும். ஏரி, போட், குளிர் காய ரூமுக்குள்ளேயே அடுப்பு... அவன் சொல்லச் சொல்ல சாந்தம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து வெள்ளையம்மா பார்த்ததில்லை.

பார்த்தும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

“வேணாம் ராசு... போவ வேணாம்!”

சிரிப்பு நின்றுவிட்டது.

“இல்ல... போறதுன்னா நானும் கூட வரேன். ஒரு மூலையில சுருண்டு கெடக்கறேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது...”

“புதுசா கண்ணாலம் ஆனவங்க கூட நீங்களுமா?” சாந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. “கேக்கறவங்க காறித் துப்ப மாட்டாங்களா அக்கா? தினம் காலையில கதவ மூடிக்கிறீங்க. மாங்கா சீசன்ல ஒரு மாம்பழத்த ஊட்டுக்குள்ள உட மாட்டேங்கறீங்க. எம் புருசன மூணு நாளு... மூணே நாளு எங்கூட உட மாட்டீங்களா?”

வெள்ளையம்மா சின்னராஜைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லுவான் என்று நினைத்தாள். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். பாவி! இவனுக்காகத்தானே...

பின்கட்டுக்கு அவள் பின்னாலேயே வந்தான். “கோச்சிக்காதீங்க அண்ணி. எனக்கு நானே போட்டுக்கறேன். கத்துக் குடுங்க.”

அந்த வார்த்தை அவளை எங்கேயோ குத்தியது. ஏழு வருஷம்! ஏன் இவனுக்கு இதுவரை கற்றுக்கொடுக்கவில்லை? பயப்படுகிறான் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். அது மட்டும்தானா? அவன் கண்ணை மூடி, தொடையைக் காட்டி, ‘வலிக்காம போடுங்க அண்ணி’ என்று சொல்லும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவள் ஒரு பிள்ளைக்குத் தாயாக இருந்தாள். அதை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. அவனுக்கேகூட.

மறுநாள் மடியில் மறைத்து ஒரு மாங்காய் கொண்டுவந்தாள். ஏழு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் வந்த முதல் மாங்காய். ஒரு வாரம் கதவு மூடியே கிடந்தது. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு ஊசிக் குழாயில் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டாள். அவன் மாங்காயில் குத்தினான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தன் தொடையிலும் குத்தினான். குத்திக் குத்திக் கறுத்துப்போன மாங்காயை வெள்ளையம்மா குப்பையில் போட்டாள்.

அது சாந்தம்மாவின் கண்ணில் பட்டது.

நம் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தியிருந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு மாங்காய் முழுக்க ஊசித் துளை! தொடக்கூடாத கலயம்! நிறம் மாறும் தண்ணீர்! மூடிய கதவு! சாந்தம்மா அந்த மாங்காயை எடுத்து ஒளித்து வைத்தாள். அன்றைக்கே தாய்க்குக் கடிதம் போட்டாள். ‘அக்கா இவருக்கு வசிய மருந்து வைக்கிறார்கள் அம்மா. உடனே வா.’

வியாழக்கிழமை மத்தியானம் அவள் தாய் கெம்பம்மா ஒரு தகர டப்பா நிறைய அதிரசத்தோடு வந்து இறங்கினாள். பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். வெள்ளையம்மாவிடம் சிரித்துத்தான் பேசினாள்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளையம்மா கடைசியாக ஒருமுறை ஊசி போட்டுவிட்டு, ஒரு மஞ்சப் பையைக் காட்டினாள். வாய் அகன்ற ஃபிளாஸ்கில், மருந்து சூடாகாமல் இருக்க ஈரத்துணி சுற்றிய குப்பி. எவர்சில்வர் டப்பாவில் ஊசி. மயக்கம் வந்தால் வாயில் போட்டுக்கொள்ளக் குளுக்கோஸ் பொட்டலம்.

“ஊசிய வெந்நீல பத்து நிமிசம் கொதிக்க உடணும். செவப்புக் கோட்டுக்கு மேல ஒரு துளி போவக்கூடாது. போட்டு அரை மணியில சாப்ட்டுடணும். போட்டுட்டு சாப்புடாம இருக்காத... சாப்ட்டுட்டுப் போடாம இருக்காத... ராசு, கேக்குதா?”

“கேக்குது அண்ணி. மூணு நாளு தானே?”

“அங்க போயாவது அவகிட்ட சொல்லிடுப்பா. நல்ல பொண்ணு. தாங்கிக்குவா.”

அவன் தலையை ஆட்டினான். இருவரும் கிளம்பிப் போனார்கள். தெருமுனை திரும்பும்போது சாந்தம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று வெள்ளையம்மாவுக்கு அப்போது புரியவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் அவளுக்கு விழிப்பு வந்தது. செய்ய ஒன்றும் இல்லை. ‘இந்நேரம் போட்டிருப்பான்... இந்நேரம் சாப்பிட்டிருப்பான்...’ என்று முணுமுணுத்துக்கொண்டே வாசல் தெளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜப்பன் ராத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் சைக்கிளை நிறுத்தினான். ஊருக்குக் கிளம்பி நின்ற கெம்பம்மா நடுவீட்டில் வந்து நின்றாள். குரலை உயர்த்தினாள். தெருவே கேட்கட்டும் என்றுதான்.

“போறதுக்கு முந்தி ஒரு நாயத்தக் கேட்டுட்டுப் போறேன்! யம்மா வெள்ளையம்மா... இது இன்னாது?”

தன் துணி மூட்டையிலிருந்து அந்த ஃபிளாஸ்கை எடுத்துத் தரையில் வைத்தாள். பக்கத்திலேயே காய்ந்து சுருங்கிய மாங்காய்.

“எம் மருமவனுக்கு இத்தினி நாளா எத வெச்சிக் குடுத்துக்கினு இருந்த? ஊசி குத்துன மாங்கா! கொழாயில மருந்து! பேரிகையில மருந்து எடுக்கறவன் இருக்கான், அவங்கிட்ட காட்டப் போறேன். உன் வயித்துல ஒண்ணும் தங்கலன்னா, எம்பொண்ணு வாழ்க்கையிலயா கை வெப்ப? கொழுந்தன மயக்கி வெச்சிக்கினு... தூ! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். யார் முகத்தையும் வெள்ளையம்மா பார்க்கவில்லை. தன்மேல் விழுந்த சொல் எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஃபிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத... எப்ப எடுத்தீங்க?”

“வெள்ளிக்கெழம! கெளம்பறதுக்கு முந்தியே எடுத்துட்டேன். அந்த எடத்துல அதிரசத்த வெச்சி அனுப்பினேன்!”

“நேத்து காலையில... இன்னிக்கு காலையில...” வெள்ளையம்மா விரலை மடக்கினாள். இரண்டு விரல். அதற்குள் முகத்தில் ரத்தம் இல்லை. “ரெண்டு நாளு... அய்யோ ராசு! எங்கண்ணு!”

“நடிக்காத!”

“ஏம்மா!” என்று ராஜப்பன் கத்தினான். அவன் கத்தி அந்தத் தெரு கேட்டதில்லை. “அது மயக்கற மருந்து இல்லம்மா! எந்தம்பிக்கு சக்கர வியாதி. தினம் அத ஊசியில போட்டாத்தான் அவன் உசுரோட இருப்பான். போடலன்னா... செத்துப் பூடுவான்!”

கெம்பம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வெள்ளையம்மா அதற்குள் சாமான் அறைக்கு ஓடிக் கலயத்தைத் தூக்கியிருந்தாள். அதில் இன்னொரு குப்பி இருந்தது. பழைய ஊசி ஒன்றும் இருந்தது.

“நீ மொதல்ல கெளம்பு. நான் தம்பி கம்பெனிக்குப் போயி, பங்களாவுக்குப் போன் போட ஆளப் புடிக்கறேன்” என்றான் ராஜப்பன். ஞாயிற்றுக்கிழமை ஆஃபீஸ் பூட்டிக்கிடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவன் சைக்கிளைத் திருப்பினான்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரியிலிருந்து சேலம். தனியாக இவ்வளவு தூரம் அவள் போனதே இல்லை. ஈரத்துணி கட்டிய கலயத்தை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சாம்பலாம்மா? காவேரியில கரைக்கவா?” என்று பக்கத்து சீட்டுக்காரி இரக்கத்தோடு கேட்டாள். “இல்ல... இல்ல தாயி... அப்படிச் சொல்லாதீங்க!” என்று வெள்ளையம்மா ஓவென்று அழுதுவிட்டாள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கூடை கூடையாக மாம்பழம் ஜன்னலருகே நீட்டினார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏற்காட்டில் இறங்கும்போது மணி இரண்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. விசாரித்துப் பங்களாவுக்கு வந்து, காவல்காரர் வழிகாட்ட, அவள் உள்ளே ஓடினாள்.

கட்டிலில் சின்னராஜ் கிடந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அந்த மூச்சில் பழம் அழுகிய வாசனை. காலடியில் சாந்தம்மா, தலைவிரி கோலமாக.

“அக்கா! ராத்திரியிலருந்து ஒரே வாந்தி... எழுப்பினா முழிக்க மாட்டேங்கறாரு... டாக்டரு ஊர்ல இல்லியாம்... ஜீப்புக்கு சொல்லி இருக்குது... நான் இன்னாக்கா பண்ணுவேன்!”

வெள்ளையம்மா அழவில்லை. அழ நேரமில்லை. காவல்காரரிடம் கொதிக்கும் வெந்நீர் கேட்டு வாங்கி ஊசியைக் கொதிக்க வைத்தாள். கலயத்தின் துணியை அவிழ்த்தாள். காவல்காரர் மரியாதைக்காகக் கதவைச் சாத்தப் போனார்.

“சாத்தாதீங்க!” என்றாள். பிறகு சாந்தம்மாவைப் பார்த்தாள். “கதவு தெறந்துதான் இருக்குது சாந்தா. வந்து நல்லாப் பாரு. உள்ள இன்னா பண்றோம்னு தினம் கேப்பியே... இதத்தான் பண்ணோம்.”

குப்பியில் குத்தி, இழுத்து, காற்றை வெளியேற்றி, தொடையில் போட்டாள். ‘வலிக்காம போடுங்க அண்ணி’ என்று சொல்ல அவனுக்கு நினைவில்லை.

ஜீப்பில் மலையிறங்கிச் சேலம் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு நாள் அவன் கண் திறக்கவில்லை. பிழைப்பானா என்று கேட்டதற்கு டாக்டர், “இன்னும் அரை நாள் தாமதிச்சிருந்தா கேக்கவே வேண்டியிருக்காதும்மா” என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் மத்தியானம் வராந்தாவில் சாந்தம்மா வாயைத் திறந்தாள்.

“என்ன ஏமாத்திட்டீங்க அக்கா.”

“ஆமா சாந்தா.”

“மூணு மாசம் என்ன ஒரு பைத்தியக்காரி மாதிரி கதவுக்கு வெளிய நிக்க வெச்சீங்க. ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா...!”

“தப்புதான். அவன் தலை மேல சத்தியம் வாங்கிக்கினான். அதுக்காக உன்ன ஏமாத்துனது நாயமாயிடாது. நீ இன்னா திட்டினாலும் எனக்குத் தகும்.”

திட்டத்தான் சாந்தம்மா நினைத்திருந்தாள். ஆனால் அவள் வாயிலிருந்து வேறு வந்தது.

“அம்மா பையிலருந்து எடுத்தத நான் பாத்துக்கினுதான் இருந்தேன் அக்கா. நான்தான் எடுக்கச் சொன்னேன். சனிக்கெழம காலையில எழுந்து அவரு பையில தேடினாரு. இன்னா தேடறீங்கன்னேன். ஒண்ணுமில்லன்னாரு. நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேன். ஒரு நாளு இல்லன்னா இன்னா ஆயிடும்னு அவரே முணுமுணுத்தாரு... அப்புறம்... அம்மா குடுத்த அதிரசத்த நானே ஊட்டி உட்டேன். நாலு. வேணாம் வேணாம்னாரு... நான் கோச்சிக்குவேன்னு சாப்ட்டாரு அக்கா! சாயங்காலம் போட்ல போனோம். சிரிச்சிக்கினே இருந்தாரு. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன் அக்கா... உங்ககிட்டருந்து அவர ஜெயிச்சிட்டேன்னு...”

வெள்ளையம்மா அவளை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்து அழுத அழுகையில், படுக்கையில் கிடந்த மற்ற நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். இருவர் மேலும் தப்பு இருந்தது. அதனால்தான் அந்த அழுகையில் யாரும் யாரையும் மன்னிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சின்னராஜ் கண் திறந்தான்; அன்றே கெம்பம்மா வந்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. மூன்று நாள் தங்கி வெள்ளையம்மாவின் சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள். “வந்துடு, ஊருக்குப் போயிடலாம்” என்று மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். சாந்தம்மா போகவில்லை. அந்த நேரத்தில் அவள் வார்டு நர்ஸ் பக்கத்தில் நின்று ஊசி இழுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நர்ஸ் பழகுவதற்கு ஒரு மாங்காயைத்தான் கொடுத்திருந்தாள். வெள்ளையம்மா வாசலில் நின்று பார்த்தாள். மூன்றே தடவையில் சாந்தம்மாவுக்குக் கை படிந்துவிட்டது. தனக்கு மூன்று நாள் ஆனது.

பத்து நாள் கழித்து வீடு திரும்பினார்கள். சின்னராஜ் தானே கம்பெனி ஆஃபீசுக்குப் போய் உண்மையைச் சொன்னான்; மெடிக்கலில் செய்த தில்லுமுல்லையும் மறைக்கவில்லை. மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் உட்கார வைத்திருந்தார்கள். வேலை நிலைக்குமா என்பது மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால்தான் தெரியும். கடிதம் இன்னும் வரவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் விடியலில் வழக்கம்போல் வெள்ளையம்மாவுக்கு விழிப்பு வந்தது. எழுந்து போனாள். சாமான் அறையில் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. சாந்தம்மா ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க போய்ப் படுங்கக்கா. நான் பாத்துக்கறேன்.”

அன்பாகத்தான் சொன்னாள். வெள்ளையம்மாவும் “சரிம்மா” என்றுதான் சொன்னாள். திரும்பி வந்து பாயில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து ராசுவின் குரல் கேட்டது. “வலிக்காம போடு சாந்தா...” வெள்ளையம்மா முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். இதைத்தானே கேட்டாள்? இப்படி ஆக வேண்டும் என்றுதானே ஏற்காட்டுக்கு அனுப்பும்போதும் சொன்னாள்? ஆனாலும் கையை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் அப்படிப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். எட்டிப் பார்த்தாள். அண்ணன் பொன்னுசாமி! மூன்று வருஷத்தில் மீசை முழுக்க நரைத்திருந்தது. பின்னால் சின்னராஜ் தலைகுனிந்து நின்றான். யாரிடமும் சொல்லாமல் காவேரிப்பட்டணம் போய், எல்லாவற்றையும் தன் வாயால் சொல்லிக் கூட்டி வந்திருந்தான்.

“வெள்ள...” என்றான் பொன்னுசாமி. “பஸ் ஸ்டாண்டுல... அத்தினி பேரு முன்னால... உன்ன நான் இன்னா பேச்சு பேசினேன்... நீ ஒரு வார்த்த திரும்பிச் சொல்லலியேடா பாப்பா! உசுரக் காப்பாத்தப் போறேன்னு ஒரு வார்த்த...”

“சொல்ற மாதிரி இல்லண்ணா.”

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ராஜப்பன் கிணற்றடிப் பக்கம் போய் முகம் கழுவினான், இரண்டு தடவை.

“நம்மூட்டுக்கு வா. எத்தினி நாளு வேணுமோ இரு.”

வெள்ளையம்மா இரண்டு சேலையை ஒரு பையில் வைத்தாள். சாந்தம்மா ஓடிவந்து அவள் தலையில் பூ வைத்தாள். “சீக்கிரம் வந்துடுங்கக்கா. எனக்குப் பயமா இருக்குது” என்றாள். சின்னராஜ் பஸ் வரைக்கும் வந்தான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“எப்ப வருவீங்க அண்ணி?”

“தெரியல ராசு. தூங்கி எழுந்து வரேன்.”

காவேரிப்பட்டணத்தில் அன்று ராத்திரி அவள் தாய் படுக்கும் இடத்திலேயே பாய் விரித்துக்கொண்டாள். விடியலில் யாரும் எழுப்பாமலே விழிப்பு வந்தது. கை தானாகப் பக்கத்தில் தீப்பெட்டியைத் தேடியது. தீப்பெட்டி இல்லை. ஊசி இல்லை, கலயம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தேவையில்லை என்று நினைவு வந்தது. எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

அண்ணன் மனைவி ஒரு தட்டில் மாம்பழம் கொண்டுவந்து வைத்தாள். “நம்ம மரத்துது. அத்தைக்கு இந்த மரத்துப் பழம்னா உயிரு. சாப்புடுங்க.”

வெள்ளையம்மா கழுவக்கூட இல்லை. தோலோடு கடித்தாள். ஏழு வருஷம் கழித்து அந்த இனிப்பு நாக்கில் பட்டது. சாறு முழங்கை வரைக்கும் வழிந்து சேலையை நனைத்தது. இரண்டாவது கடி கடிக்கவில்லை. பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“அம்மா...” என்று கூப்பிட்டாள். “யம்மா... நான் வந்திருக்கேம்மா...”

அவள் அம்மா செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் வெள்ளையம்மாவுக்கு அழ நேரம் கிடைத்தது.